எல்லை தாண்டும் புகார்கள்: மனித உரிமை ஆணையங்களின் வட்டாரக் கூட்டமைப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியா, இலங்கை, மலேசியா மூன்றிலும் மனித உரிமை ஆணையம் இருக்கிறது. மூன்றும் ஆசிய பசிபிக் மன்றம் என்ற ஒரே வட்டாரக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். ஏதாவது ஒரு ஆணையத்தின் தரம் குறைக்கப்படும்போது மட்டும் இது செய்தியாகிறது. இரண்டு நாளில் மறந்தும் போகிறது. ஆனால் வளைகுடாவில் சம்பளம் கிடைக்காமல் நிற்பவருக்கும், உள்ளூர்க் காவல் நிலையத்தில் அடி வாங்கியவருக்கும் இந்தக் கூட்டமைப்போடு ஒரு தொடர்பு உண்டு. அது எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்பதையே இங்கே கேள்வி பதிலாகத் தொகுத்திருக்கிறோம்.

தேசிய மனித உரிமை நிறுவனம் என்றால் தொண்டு நிறுவனமா, அரசு அலுவலகமா?

இரண்டும் இல்லை; இந்த ஆணையங்களுக்கான பொதுப்பெயர்தான் அது. அரசே சட்டம் போட்டு, அரசுப் பணத்தில் நடத்தி, அரசையே கேள்வி கேட்கச் சொல்லும் விசித்திரமான அமைப்பு இது. இந்தியாவின் தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1993 அக்டோபர் 12 அன்று தொடங்கப்பட்டது. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 1996-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. மலேசியாவின் சுஹாகாம் 1999 சட்டத்தின்படி 2000-இல் வேலையைத் தொடங்கியது. பிலிப்பைன்ஸில் மார்கோஸ் ஆட்சி விழுந்த பிறகு எழுதிய 1987 அரசியலமைப்பே ஆணையத்துக்கு இடம் கொடுத்தது.

இவை நீதிமன்றங்கள் அல்ல. விசாரிக்கலாம், ஆவணம் கேட்கலாம், பரிந்துரை செய்யலாம், தண்டிக்க முடியாது. 'பல் இல்லாத புலி' என்று நம்மூரில் சலித்துக்கொள்வது இதனால்தான். ஆனாலும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இந்தோனேசியாவின் கோம்னாஸ் ஹாம் 1993-இல் சுஹார்தோ போட்ட அதிபர் ஆணையில் பிறந்தது. வெளிநாட்டுக் கண்டனத்துக்குப் பதிலாக வைத்த அலங்காரப் பொம்மை என்றே பலரும் நினைத்தார்கள். அதே கோம்னாஸ் ஹாம் அமைத்த விசாரணைக் குழுதான், 1999-இல் கிழக்குத் திமோரில் நடந்த வன்முறைக்கு ஜெனரல் விரான்டோ உட்பட ராணுவத் தலைமையே பொறுப்பு என்று 2000 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அப்போது அவர் அமைச்சர்.

பாரிஸ் கோட்பாடுகள் என்று சொல்கிறார்களே, அவை என்ன?

ஒரு ஆணையம் உண்மையிலேயே சுதந்திரமானதா என்று பார்ப்பதற்கான அளவுகோல். 1991 அக்டோபரில் பாரிஸில் நடந்த கூட்டத்தில் வரைந்தார்கள். 1993 டிசம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச் சபை 48/134 தீர்மானத்தில் ஏற்றது. சட்டபூர்வமான அடித்தளம், அகன்ற அதிகார வரம்பு, அரசைச் சாராத நியமனம், சமூகத்தின் பல தரப்பும் இடம்பெறுவது, போதிய நிதி ஆகியவைதான் சாரம். சச்சரவு வருவது ஏறக்குறைய எப்போதும் நியமனத்தில்தான்: தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்தக் கதவுக்குப் பின்னால் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்.

ஐ.நா. இருக்கும்போது வட்டாரக் கூட்டமைப்பு எதற்கு?

ஐரோப்பாவில் ஒருவருக்கு உள்நாட்டில் நீதி கிடைக்கவில்லை என்றால் ஸ்ட்ராஸ்பர்க்கில் மனித உரிமை நீதிமன்றம் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துக்கு கோஸ்டாரிகாவின் சான் ஹோசேயில் ஒன்று. ஆப்பிரிக்காவுக்கு தான்சானியாவின் அருஷாவில் ஒன்று. ஆசியாவுக்கு? ஒன்றும் இல்லை. உலக மக்களில் பாதிக்கு மேல் வாழும் கண்டத்தில், சொந்த நாட்டு உச்ச நீதிமன்றம் கைவிரித்தால் வாசற்படி ஏறுவதற்கு ஒரு வட்டார நீதிமன்றம் கிடையாது.

அந்த வெற்றிடத்தில்தான் ஆணையங்களின் கூட்டமைப்பு நிற்கிறது. நீதிமன்றத்துக்கு அது மாற்று இல்லை. அந்தப் பக்கத்து வேலையைக் கொஞ்சமாவது செய்ய வேறு யாரும் இல்லை, அவ்வளவுதான். இரண்டு வேலைகளை அது ஓரளவு உருப்படியாகச் செய்கிறது என்பது எங்கள் மதிப்பீடு: சக ஆணையங்களைத் தராசில் வைப்பது, எல்லை தாண்டும் மனிதர்களின் வழக்கில் இரு பக்கத்து ஆணையங்களையும் பேசவைப்பது. மற்றவை பெரும்பாலும் மாநாடு, பிரகடனம், குழுப் புகைப்படம்.

ஆசிய பசிபிக் மன்றம் எப்போது, எப்படித் தோன்றியது?

1996 ஜூலையில், ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, இந்தோனேசியா ஆகிய நான்கு நாட்டு ஆணையங்கள் கூடி 'லராக்கியா பிரகடனம்' என்ற அறிக்கையை ஏற்று மன்றத்தைத் தொடங்கின. லராக்கியா என்பது டார்வின் பகுதியின் பூர்வகுடி மக்களுடைய பெயர். தொடக்கத்தில் ஆஸ்திரேலிய ஆணையத்தின் அலுவலகத்திலேயே ஒரு மூலையில் மன்றத்தின் செயலகம் இயங்கியது. 2002-இல் தனி அமைப்பாகப் பிரிந்தது. செயலகம் சிட்னியில்.

நான்கில் ஒன்றாக இந்தியா இருந்ததைக் கவனியுங்கள். பிறகு வரும் தரமதிப்பீட்டுக் கதையில் இது சற்றுக் கசக்கும்.

யார் யார் உறுப்பினர்கள்? சிங்கப்பூர் உண்டா?

சிங்கப்பூர் இல்லை. சேர்வதற்கு முதலில் ஒரு ஆணையம் இருக்க வேண்டுமே! சிங்கப்பூர், புருனே, வியட்நாம், லாவோஸ், கம்போடியா, சீனா, ஜப்பான் ஆகிய எதிலும் பாரிஸ் கோட்பாடுகளின்படி அமைந்த தேசிய ஆணையம் கிடையாது. ஜப்பானைப் பார்த்துப் பலர் வியப்பார்கள். அங்கே 2002-இலும் 2012-இலும் மசோதா கொண்டுவந்தும் நிறைவேறவில்லை.

இருப்பவர்கள் பட்டியல் பாலஸ்தீனம், ஜோர்டான், கத்தார் தொடங்கி நேபாளம், இலங்கை, மங்கோலியா, தென்கொரியா வழியாக சமோவா, பிஜி வரை நீள்கிறது. 'ஏ' தரம் பெற்றவர்கள் முழு உறுப்பினர்கள். அதற்குக் கீழே உள்ளவர்கள் இணை உறுப்பினர்கள்.

இந்த 'ஏ', 'பி' தரத்தை யார் கொடுக்கிறார்கள்?

மன்றம் நேரடியாகக் கொடுப்பதில்லை. உலக அளவில் 'கான்ரி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய மனித உரிமை நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு ஒன்று உண்டு. 1993-இல் ஒருங்கிணைப்புக் குழுவாகத் தொடங்கி 2016-இல் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது, பதிவு ஜெனீவாவில். ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆசிய பசிபிக், ஐரோப்பா என்ற நான்கு வட்டாரங்களும் சேர்ந்ததே கான்ரி. தரம் பார்க்கும் அங்கீகாரத் துணைக்குழுவில் மொத்தம் நான்கே பேர், வட்டாரத்துக்கு ஒரு 'ஏ' தர ஆணையம். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் எழுத்து வேலைகளைக் கவனிக்கிறது. 'ஏ' தரம் பெற்றவர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி வந்து நிற்க வேண்டும். நடுவில் ஏதாவது பெரிதாகக் கோளாறு என்று தெரிந்தால் 'சிறப்பு மறுஆய்வு' வரும்.

மாணவர்களே ஒருவர் தாளை ஒருவர் திருத்துகிற வகுப்பறைதான் இது. தாட்சண்யம் இருக்காதா என்று கேட்டால், இருக்கும். குறைப்பதற்குப் பதில் 'ஒத்திவைப்பு' என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கேள்விகளைக் கொடுத்து, அவகாசம் கொடுத்து, மறுபடி வரச்சொல்வது. குறைக்கவே முடிவு செய்தாலும், நிரூபிக்க ஓராண்டு தருவார்கள். ஆனால் ஒரு வசதி இருக்கிறது. ஐ.நா. தூதர் குறை சொன்னால் 'உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாதே' என்று சொல்லிவிடலாம். தென்கொரிய ஆணையமோ கானா ஆணையமோ தொழில்முறைச் சகாவாகக் கேட்கும்போது அந்தப் பதில் எடுபடுவதில்லை.

இந்திய ஆணையத்துக்கு என்ன ஆயிற்று?

1999 முதல் 'ஏ' தரம். 2016-இல் முதல் பெரிய உதை: மறுமதிப்பீடு ஒத்திவைக்கப்பட்டது. துணைக்குழு சுட்டிய குறைகள் நமக்குப் புதியவை அல்ல. தலைவர் பதவிக்கு ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி மட்டுமே வரலாம் என்பது வாசலை மிகவும் குறுக்குகிறது. ஆணையத்தில் பெண் உறுப்பினர் இல்லை. செயலாளர் அரசிலிருந்து அனுப்பப்படும் அதிகாரி. காவல்துறை மீதான புகார்களை விசாரிப்பவர்கள் காவல்துறையிலிருந்தே அயல்பணியில் வந்தவர்கள். கடைசிக் குறை எல்லாவற்றிலும் கனமானது. லாக்அப் மரணத்தை இன்னொரு சீருடைக்காரர் விசாரிக்க வந்தால் குடும்பத்தார் எந்த நம்பிக்கையில் வாய் திறப்பார்கள்?

2017-இல் ஒரு பெண் உறுப்பினர் நியமிக்கப்பட்டார். அந்த ஆண்டு நவம்பரில் 'ஏ' தரம் திரும்பியது. 2019-இல் சட்டத் திருத்தம் வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த எவரும் தலைவராகலாம் என்று வாசல் கொஞ்சம் விரிந்தது. ஆனால் பதவிக்காலம் ஐந்திலிருந்து மூன்று ஆண்டாகச் சுருங்கியது. காவல்துறை அயல்பணி அப்படியே இருந்தது. 2023-இல் மறுபடி ஒத்திவைப்பு. 2024-இல் மீண்டும். இதற்கிடையில் 2024 ஜூன் முதல் டிசம்பர் வரை நிரந்தரத் தலைவரே இல்லை. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாகத் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்ற வி. ராமசுப்பிரமணியன் வந்தார். 2025 மார்ச் அமர்வில் துணைக்குழு, இந்திய ஆணையத்தை 'பி' தரத்துக்குக் குறைக்கப் பரிந்துரைத்தது. ஓராண்டு அவகாசம், அதுவரை 'ஏ' நீடிக்கும் என்ற நிபந்தனையோடு. மன்றத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவருக்கு வந்த நிலை இது. தரப்பட்டியல் ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் மாறக்கூடியது. எந்த நாட்டுக்கு இன்று என்ன எழுத்து என்பதை கான்ரியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இலங்கைக் கதையும் இதேதானா?

நோய் ஒன்று, அறிகுறி வேறு. இலங்கையில் சிக்கல் அரசியலமைப்புப் பேரவையைச் சுற்றியே ஓடுகிறது. 17-ஆவது திருத்தத்தின்படி ஆணைக்குழு உறுப்பினர்களைப் பேரவைதான் பரிந்துரைக்க வேண்டும். 2006-இல் பேரவை இயங்காமல் கிடந்த நிலையில் ஜனாதிபதியே நேரடியாக நியமித்தார். போர் உக்கிரமாகி, ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. 2007-இல் இலங்கை 'பி' தரத்துக்கு இறங்கியது. திரும்ப 'ஏ' வாங்க 2018 ஆயிற்று. தீபிகா உடகம தலைமையில் ஆணைக்குழு ஓரளவு மரியாதை பெற்றிருந்த நேரம்.

2020 அக்டோபரில் 20-ஆவது திருத்தம் பேரவையை அகற்றிவிட்டு, அதிகாரமற்ற நாடாளுமன்றப் பேரவையை வைத்தது. அடுத்த ஆண்டே சிறப்பு மறுஆய்வு. பொருளாதாரம் நொறுங்கி, ஆட்சி மாறி, 2022 அக்டோபரில் 21-ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மீட்டது. புதிய ஆணைக்குழு வந்தது. 'ஏ' தரமும் தப்பியது. வெளியார் போட்ட மதிப்பெண் மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. தெருவில் இறங்கிய மக்கள்தான் ஆட்சியை அசைத்தார்கள். ஆனால் சட்டத்தைத் திருத்த உட்கார்ந்தபோது, நியமனத்தில் எது சரி என்பதற்கு மேசையில் ஏற்கெனவே ஒரு அளவுகோல் இருந்தது.

தரம் குறைந்தால் நடைமுறையில் என்ன நஷ்டம்?

ஜெனீவாவில் குரல் போய்விடும். 'ஏ' தர ஆணையம் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் தன் பெயரிலேயே பேசலாம். ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் சில ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பேரவை அலசும் காலாந்தர மறுஆய்வில், தன் நாட்டைப் பற்றிய அறிக்கை ஏற்கப்படும்போது அரசு பேசி முடித்த அடுத்த நிமிடம் பேசும் உரிமை அதற்கு உண்டு. கூட்டமைப்பில் ஓட்டும் பதவியும் உண்டு. 'பி' ஆனால் இவை இல்லை. பொதுமக்கள் புகார் கொடுப்பதற்கு எந்தத் தடையும் வராது.

மதிப்பெண் போடுவது போக, சேர்ந்து என்னதான் செய்கிறார்கள்?

முதலில் பயிற்சி: சிறைக்குள் போனால் எதைப் பார்ப்பது, சித்திரவதைக்கு ஆளானவரிடம் எப்படிப் பேசுவது, புகார்களை எப்படி வகைப்படுத்துவது என்பது போன்றவை. புகழ் இல்லாத வேலை. ஆனால் மன்றத்தின் நாளில் பாதி இதில்தான் போகிறது.

அதைவிடச் சுவையானது 'தேசிய விசாரணை' என்ற முறை பரவிய விதம். ஒவ்வொரு புகாராகத் தனித்தனியே தீர்க்காமல், ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பொது விசாரணை நடத்தி, மக்கள் சாட்சியத்தையே அறிக்கையாக்கி அரசின் முன் வைப்பது. ஆஸ்திரேலியா 1980-களின் இறுதியில் வீடற்ற பிள்ளைகளைப் பற்றி இப்படி விசாரித்தது. பிறகு பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகள் பற்றிய அறிக்கை 1997-இல் வந்தது. மன்றம் இந்த முறைக்குக் கையேடும் போட்டது. மலேசியாவில் சுஹாகாம் பூர்வகுடி மக்களின் நில உரிமை பற்றித் தேசிய விசாரணை நடத்தி 2013-இல் 18 பரிந்துரைகளை வெளியிட்டது. சபா, சரவாக் காட்டுக் கிராமங்களிலும் தீபகற்பத்தின் ஒராங் அஸ்லி குடியிருப்புகளிலும், செம்பனைத் தோட்டத்துக்கும் மர வெட்டுக்கும் நிலம் பறிபோன கதையை மக்கள் அதிகாரிகள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஆப்கானிஸ்தானில் பதின்வயதுச் சிறுவர்களை நடனமாடவைத்துச் சுரண்டும் பச்சா பாசி வழக்கத்தை அந்நாட்டு ஆணையம் இதே முறையில்தான் விசாரித்தது. பிலிப்பைன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது: பெரும் எண்ணெய், நிலக்கரி, சிமென்ட் நிறுவனங்கள் 47 மீது 2015-இல் வந்த மனுவை எடுத்து, புயலால் பாதிக்கப்பட்டவர்கள் பருவநிலை மாற்றத்துக்கு யாரைக் கேட்பது என்று மணிலாவில் மட்டுமல்லாமல் நியூயார்க்கிலும் லண்டனிலும் அமர்வு நடத்தி 2022-இல் அறிக்கை கொடுத்தது.

குற்றம் ஒரு நாட்டில், நிறுவனம் வேறு நாட்டில் என்றால் ஆணையம் தலையிடுமா?

தாய்லாந்து ஆணையம் தலையிட்டிருக்கிறது. கம்போடியாவின் கோ கொங் மாகாணத்தில் 2006-இல் கரும்புத் தோட்டத்துக்கென அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில் கிராமத்தார் பலர் வயலை இழந்தார்கள். குத்தகை எடுத்ததில் தாய்லாந்துச் சர்க்கரை நிறுவனம் ஒன்றுக்குப் பங்கு. கம்போடியாவில் முறையிடச் சுதந்திரமான ஆணையம் இல்லை. அந்த மக்கள் பாங்காக்குக்கு மனு அனுப்பினார்கள். 'நம் எல்லைக்கு வெளியே நடந்தது' என்று திருப்பி அனுப்பாமல், நிறுவனம் நம் நாட்டுடையது என்ற அடிப்படையில் தாய்லாந்து ஆணையம் அதை விசாரணைக்கு எடுத்து, உரிமை மீறல் நடந்ததாகவே கண்டது. நிலம் அதனால் மட்டும் திரும்பிவிடவில்லை. ஆனால் முதலீடு எல்லை தாண்டினால் விசாரணையும் தாண்டலாம் என்று ஒரு முன்னுதாரணம் பதிவாயிற்று. (இதே ஆணையம் 2015-இல் 'பி' தரத்துக்கு இறங்கி 2022-இல் மீண்டது. தரமும் தைரியமும் எப்போதும் சேர்ந்தே நடப்பதில்லை.)

மலேசிய-தாய்லாந்து எல்லையின் வாங் கெலியான் இன்னொரு உதாரணம். 2015 மே மாதம் மலேசியப் பக்கத்துக் காட்டில் ஆள்கடத்தல் முகாம்கள் 28, புதைகுழிகள் 139 கண்டுபிடிக்கப்பட்டன. இறந்தவர்கள் ரோஹிங்கியாக்களும் வங்கதேசத்தவரும். தாய்லாந்தில் வழக்கு வேகமாக ஓடி 2017-இல் 62 பேர் தண்டிக்கப்பட்டார்கள், அதில் ஒரு ராணுவ ஜெனரலும் அடக்கம். மலேசியாவில் விஷயம் உறங்கியது. சுஹாகாம் ஒரு மனித உரிமை அமைப்போடு சேர்ந்து, மியான்மர், வங்கதேசத்திலிருந்து மலேசியா வரை நடந்த கடல்வழிக் கடத்தலைப் பின்தொடர்ந்து தயாரித்த அறிக்கையை 2019-இல் வெளியிட்டது.

கத்தாரிலோ மலேசியாவிலோ சம்பளம் தராமல் இழுத்தடித்தால், ஊரில் உள்ள ஆணையத்தில் புகார் கொடுத்தால் அங்கே போய்ச் சேருமா?

கடிதம் போகலாம், சம்பளம் வந்துசேரும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2008-இல் சியோலில் கூடிய ஆணையங்கள், ஆசியாவில் புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கு ஆணையங்கள் எப்படி ஒத்துழைக்க வேண்டும் என்று வழிகாட்டுதல்களை ஏற்றன. அனுப்பும் நாட்டு ஆணையமும் வாங்கும் நாட்டு ஆணையமும் நேரடியாகப் பேசுவதே அதன் மையம். நேபாள ஆணையம் கத்தாரின் தேசிய மனித உரிமைக் குழுவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது இந்த வழியில்தான். கத்தார் குழு 2002-இல் அமைந்தது. வெளிநாட்டுத் தொழிலாளரிடமிருந்தும் புகார் வாங்குகிறது.

ஆனால் கத்தாரில் நாட்டைவிட்டு வெளியேற முதலாளியின் அனுமதி தேவை என்ற விதி 2018-இலும் 2020 தொடக்கத்திலும் படிப்படியாக நீங்கியதும், வேலை மாற அனுமதிச் சான்று வேண்டாம் என்று ஆனதும், 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் 2021-இல் வந்ததும் ஆணையங்களின் கடிதத்தால் அல்ல. உலகக் கோப்பைக் கால்பந்தும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் தொடுத்த புகாரும் ஊடக வெளிச்சமுமே காரணம்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வேலை செய்யும் நாட்டின் தொழிலாளர் துறை, கூடவே நம் தூதரகம். இந்தியர் என்றால் வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையவழிப் புகார், இலங்கையர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். அதற்கு இணையாக அந்நாட்டு ஆணையத்துக்கும் ஒரு மனு. ஊரில் உள்ள ஆணையத்துக்கு எழுதும்போது ஏஜென்ட்டின் மோசடி, உரிமம் கொடுத்த அதிகாரியின் அலட்சியம் என்று உள்நாட்டில் நடந்த பகுதியைத் தெளிவாகக் காட்டுங்கள். அதன்மேல்தான் அதற்கு அதிகாரம். இந்தியச் சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி சம்பவம் நடந்து ஓராண்டுக்கு மேலான புகாரை ஆணையம் விசாரிக்க முடியாது. ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட வேண்டாம்.

ஆசிய பசிபிக் மன்றத்துக்கே நேரடியாகப் புகார் எழுதலாமா?

எழுதிப் பயனில்லை. தனிநபர் புகாரை விசாரிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

ஆசியான் நாடுகளுக்குத் தனி அமைப்பு உண்டா?

இரண்டு உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். 2009-இல் வந்த ஆசியான் மனித உரிமை ஆணையம் அரசுகளின் பிரதிநிதிகள் கூடும் இடம். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும். தென்கிழக்காசியத் தேசிய ஆணையங்களின் மன்றம் வேறு. இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய நான்கும் 2007 ஜூனில் பாலியில் ஒப்பந்தம் செய்து தொடங்கின. பிறகு திமோர் லெஸ்டேயும் மியான்மரும் சேர்ந்தன. 2017-இல் ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடியபோது மியான்மர் ஆணையமும் அதே மேசையில் உறுப்பினராக அமர்ந்திருந்தது. சகாக்களின் கூட்டு எங்கே தடுமாறும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான இடம் கிடைக்காது.

தெற்காசியாவுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை?

சார்க் அமைப்புக்கு மனித உரிமைப் பொறிமுறையே கிடையாது. சார்க் உச்சி மாநாடே 2014-க்குப் பிறகு கூடவில்லை. அரசுகள் பேசாத இடத்தில் ஆணையங்கள் பேசலாமே என்றால், பேசலாம், சட்டத் தடை ஏதும் இல்லை. பாக் நீரிணையை எடுத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்து மீனவர் கைதாகி யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறார்; அவருடைய இழுவைப் படகால் வலையும் பிழைப்பும் போன வடபகுதி மீனவர் கரையில் நிற்கிறார். இருவர் தரப்பிலும் உரிமைக் கேள்வி உண்டு. இரு நாட்டு ஆணையங்களும் ஒரே மன்றத்தில் இருப்பவை. கைதானவரின் சிறை நிலை, பறிமுதலான படகு, அழிந்த கடல்வளம் எல்லாவற்றையும் இரண்டு ஆணையங்களும் சேர்ந்து ஒரு தேசிய விசாரணை பாணியில் இரு கரையிலும் கேட்டால், அமைச்சர்களின் பேச்சுவார்த்தை மேசைக்கு வராத சாட்சியங்கள் வெளிவரும். மன்றத்தின் பயிற்சியெல்லாம் இதுபோன்ற ஒன்றுக்குத்தான் பொருத்தம். அதைச் செய்யும் துணிச்சல் முதலில் எந்தக் கரையிலிருந்து வரும் என்பதுதான் கேள்வி.

அரசே ஆணையத்தை மூடிவிட்டால் கூட்டமைப்பு காப்பாற்றுமா?

ஆப்கானிஸ்தானில் காப்பாற்ற முடியவில்லை. 2002-இல் தொடங்கிய அந்த ஆணையம் போர்க்களத்தில் வேலை செய்தது. 2011 ஜனவரியில் காபூல் பல்பொருள் அங்காடித் தாக்குதலில் ஆணையர் ஹமீதா பர்மகி குடும்பத்தோடு கொல்லப்பட்டார். 2020 ஜூனில் ஊழியர் இருவர் சென்ற வாகனம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தாலிபான் நுழைந்ததும் அலுவலகங்கள் போயின. 2022 மே மாதம், வரவுசெலவில் துண்டு விழுகிறது, தேவையற்ற துறை என்று சொல்லி ஆணையத்தையே கலைத்துவிட்டார்கள். கூட்டமைப்பால் கண்டிக்க முடிந்தது. வெளிநாடு சென்ற தலைவர் ஷஹர்சாத் அக்பர் தனி அமைப்பு தொடங்கி ஆவணப்படுத்தும் வேலையைத் தொடர்கிறார். ஆனால் ஹெராத்திலோ கந்தஹாரிலோ ஒரு பெண் புகார் கொடுக்க ஏறிய படிக்கட்டு இன்று இல்லை.

மற்ற கண்டங்களில் இதைவிட நன்றாக நடக்கிறதா?

ஐரோப்பாவில், ஆம். அங்கே வட்டார நீதிமன்றம் இருப்பதால் ஆணையங்களின் கூட்டுக்குப் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் வயதான பெண்கள் பருவநிலை மாற்றம் குறித்துத் தொடுத்த வழக்கில் பிரஸ்ஸல்ஸைத் தளமாகக் கொண்ட ஐரோப்பியக் கூட்டமைப்பு மூன்றாம் தரப்பாக வாதம் வைத்தது. 2024 ஏப்ரலில் பெண்கள் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் செயலகம் நைரோபியில்.

தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையம் இந்தக் கூட்டமைப்பில் உண்டா?

இல்லை. பொதுவாக நாட்டுக்கு ஒரு நிறுவனம்தான். பிரிட்டனின் மூன்று ஆணையங்கள் போன்ற விதிவிலக்குகள் அபூர்வம். 1997-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆணையம் மத்தியச் சட்டத்தின் கீழ் தனியாக இயங்குகிறது. ஒரே புகாரை மாநில ஆணையத்திலும் தேசிய ஆணையத்திலும் கொடுத்தால், மாநிலத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தை தேசிய ஆணையம் விசாரிக்காது. எங்கே கொடுப்பது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சிறிய உள்ளூர் அமைப்பு. இதில் எங்களுக்கு ஏதாவது இடம் உண்டா?

நினைப்பதைவிட அதிகம். அங்கீகாரத் துணைக்குழு ஆணையத்தின் சொந்த அறிக்கையை மட்டும் படிப்பதில்லை. குடிமக்கள் அமைப்புகளின் மாற்று அறிக்கையையும் வாங்கிப் படிக்கிறது, அதிலிருந்து ஆணையத்திடம் கேள்வியும் கேட்கிறது. பாங்காக்கை மையமாக வைத்து ஆசியத் தொண்டு நிறுவனங்களின் வலையமைப்பு 2006 முதல் ஆணையங்களைக் கண்காணிக்கிறது. இந்தியாவில் இந்த வேலையின் முக்கிய முனைகளில் ஒன்று மதுரை. மக்கள் கண்காணிப்பகம் என்ற அமைப்பும் மனித உரிமை வழக்கறிஞர் ஹென்றி திபேனும் முன்னின்று நடத்தும் அகில இந்திய வலையமைப்பு அனுப்பிய அறிக்கைகள், ஜெனீவாவில் இந்திய ஆணையத்தின் முன் வைக்கப்பட்ட கேள்விகளுக்குத் தீனி போட்டன.

அனுப்ப நினைத்தால் பொதுப்படையான கண்டனம் வேண்டாம். புகார் எண், கொடுத்த தேதி, ஆணையம் அனுப்பிய பதில், 'மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி முடித்துவைக்கப்பட்டது' என்று வந்த அந்த ஒருவரிக் கடிதத்தின் நகல் ஆகியவற்றை வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொன்றும் பாரிஸ் கோட்பாடுகளில் எதை மீறுகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். அமர்வுக்கு நான்கு மாதம் முன்பே போய்ச் சேர வேண்டும். உங்கள் அறிக்கை ஆணையத்தின் பதிலுக்காக அதனிடம் காட்டப்படும் என்பதால், சாட்சிகளின் பெயர், ஊர் போன்றவற்றை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள்.